கோமதி வாங்கிய முதல் திட்டு

சென்ற மாதம் ஒரு காலை, 880 ஃப்ரீவேயில் மில்பிடாஸை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தபோது பழனிச்சாமியிடமிருந்து போன் வந்தது. கார் ஓட்டும்போது போனை எடுப்பதில்லை என்பது என் கொள்கை. காலை நேரத்தில் அந்த ஃப்ரீவேயில் நடப்பதை யாரும் கார் ஓட்டுவது என்று சொல்ல மாட்டார்கள் என்பதால் எடுத்தேன்.

"சீனு, கோமதி போயிட்டாளுங்க" என்றார்.

காபி போட எழுந்தவர் சமையலறையிலேயே சாய்ந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வந்தும் பயனில்லை. மாரடைப்பு. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் அடுத்துச் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது.

"கராஜ்ல மெஷின் ஓடிட்டே இருக்குதுங்க. இன்னிக்கு சாயங்காலம் விலை அனுப்பணும். எனக்கு அதுல கை வெக்கத் தெரியாது. நீங்க வந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க."

மனைவி போன வேளையில் மெஷினைப் பற்றிப் பேசுகிறாரே இந்த மனிதர் என்று வெளியாள் நினைக்கலாம். கோமதியின் கராஜில் ஒரு சனிக்கிழமையாவது உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்ட, நம் தமிழ்ச் சங்க நண்பர்களான உங்களுக்கு அது விசித்திரமாகப் படாது. நான் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஃப்ரீமான்ட் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

அவரை நேரில் அறியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சற்று விவரமாகவே சொல்கிறேன். கலிபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரில் நானும் கோமதியும் வேலை பார்த்த கம்பெனி கப்பல்களுக்கான ரேடியோ மோடம் செய்தது. டெலிபோன் கம்பி எட்டாத இடத்திலிருந்து ரேடியோ அலையில் ஈமெயில் அனுப்ப உதவும் பெட்டி அது. நான் அதற்கு ப்ரோக்ராம் எழுதுவேன். கோமதி அதை எப்படியெல்லாம் கெடுக்க முடியும் என்று பார்ப்பார். அதற்கு டெஸ்ட் இன்ஜினியர் என்று பெயர். வெள்ளகோவில் பக்கம் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தவரின் மகள், கோயம்புத்தூரில் படித்தவர். யாரோடு பேசினாலும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு "ங்க" விழுந்துவிடும். எங்கள் அமெரிக்க மேனேஜரிடம்கூட "யெஸ்ங்க" என்பார். நாளடைவில் அந்த மேனேஜரும் "ஓகேங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். திருவல்லிக்கேணியில் பிறந்து மரியாதை இல்லாமல் பேசியே வளர்ந்த எனக்கு, இதெல்லாம் ஆரம்பத்தில் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்களோடு இத்ரிசு என்று ஒரு கானா நாட்டுக்காரரும் வேலை பார்த்தார். வட கானாவில் தமாலே என்ற நகரத்திலிருந்து மண் ரோட்டில் நெடுந்தூரம் போனால் வரும் சந்தை ஊர் அவருடையது. ஒருநாள் மதியச் சாப்பாட்டில், கோமதி கொண்டுவந்த கடலைச் சட்னியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தன் அத்தை மரியாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அத்தையும் அந்த ஊர்ப் பெண்களும் வேர்க்கடலை விளைவித்து விற்கிறவர்கள். தெற்கே குமாசி நகரத்திலிருந்து லாரிகள் வரும். லாரிக்காரர் சொல்வதுதான் விலை. மற்ற சந்தைகளில் என்ன விலை போகிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை, டெலிபோன் கம்பி தமாலேயோடு நின்றுவிடுகிறது என்றார்.

கேட்ட மாத்திரத்தில் மேஜையைச் சுற்றியிருந்த எங்களுக்கெல்லாம் கை பரபரத்தது. கம்ப்யூட்டர் தீர்க்காத பிரச்சினை உலகத்தில் இல்லை என்று எங்கள் பே ஏரியாவே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பழைய கம்ப்யூட்டர்களைக் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பலாம் என்றார் ஒருவர். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் சிடிகள் அனுப்பலாம் என்றார் இன்னொருவர். நான் நாப்கினில் ஒரு வெப்சைட்டையே வரைந்து முடித்துவிட்டேன். கோமதி டப்பாவை மூடிக்கொண்டே, "இதெல்லாம் அவங்க கேட்டாங்களாங்க?" என்றார்.

"என்னென்ன கிடைக்கும்னே அவங்களுக்குத் தெரியாதே கோமதி, எப்படி கேப்பாங்க?" என்றேன்.

"அவங்களுக்கு என்ன வேணும்னு நமக்கு மட்டும் தெரியுமாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் இத்ரிசுவின் பக்கம் திரும்பினார். "இத்ரிசு, கால் யுவர் அத்தை. ஆஸ்க் ஹெர்."

அது அவ்வளவு லேசான காரியமாக இல்லை. அத்தைக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பி, அவர் லாரி பிடித்துத் தமாலே வந்து, போஸ்டாபீஸ் போன் பக்கத்தில் காத்திருந்து, இங்கிருந்து இத்ரிசு கூப்பிட வேண்டும். ஒருவழியாக லைன் கிடைத்தது. மரியாமா அத்தை சொன்னதை இத்ரிசு எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். சந்தைக்கு முன்னால், தமாலேயிலும் குமாசியிலும் கடலை என்ன விலை என்று தெரிந்தால் போதும். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் வேண்டுமா என்று கேட்டதற்கு, அதில் விலை வருமென்றால் வேண்டும், வராதென்றால் அதை வைக்க எங்களிடம் இடமில்லை என்றாராம். என் வெப்சைட் நாப்கின் குப்பைக்குப் போனது.

அன்று தொடங்கி, "கேட்டாங்களாங்க?" என்பது கோமதியின் தாரக மந்திரமாகிவிட்டது. நம் சங்கத்தில் ஒரு அங்கிள், பேனர் கட்டி, மேடை போட்டு, இத்ரிசு கையில் ஒரு கீபோர்டைக் கொடுப்பது போலப் போட்டோ எடுத்துச் சங்க மலரில் போடலாம் என்று ஆசைப்பட்டார். நல்ல மனிதர்தான். "அங்கிள், போட்டோ அவங்க கேட்டாங்களாங்க?" என்று கோமதி அவ்வளவு பணிவாகக் கேட்டார். அங்கிள் அப்புறம் பேனரைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த சனிக்கிழமை தானே கராஜுக்கு வந்து ஒயர்களை நறுக்கிக் கொடுத்தார். அதைப் போட்டோ எடுத்து மலரில் போட்டார்கள்.

அந்தக் கராஜ் உங்களுக்குத் தெரியும். பழனிச்சாமியின் கார் வருஷக்கணக்கில் வெளியே வெயிலில் நின்றது. உள்ளே கம்பெனி கழித்துவிட்ட ரேடியோ மோடங்கள், கார் பேட்டரிகள், சோலார் பலகைகள், மூலையில் மோரி அவென்யூ மளிகைக் கடையிலிருந்து வாங்கிய கடலை மூட்டை. கடலை எதற்கு என்று கேட்டால், "கடலைக்காரங்களுக்கு வேலை பாக்கறோம், கடலை சாப்பிடாம பாத்தா எப்படீங்க?" என்பார். அவர் மகள் ரம்யா அப்போது ஹைஸ்கூலில் இருந்தாள். அம்மா தமிழில் கேட்பார், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

கோமதி டெஸ்ட் பண்ணுகிற விதமே தனி. நம் வேக்குவம் க்ளீனர் பைகளில் சேர்ந்த தூசியையெல்லாம் கேட்டு வாங்கி, பெட்டியின் மேல் கொட்டுவார். துணி காயவைக்கும் டிரையருக்குப் பக்கத்தில் வைத்து வறுப்பார். ஃப்ரீமான்ட் வெயில் போதாது என்று, ஆகஸ்ட் மாதம் டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு விடுமுறைக்குப் போனபோது பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். தங்கை வீட்டு டிரைவ்வேயில் கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே பெட்டியை ஓடவிட்டு, தினமும் மத்தியானம் கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தாராம். "அக்கா என்னப் பாக்க வந்தாளா, கார்ல அடை காக்க வந்தாளான்னு தெரியல" என்று தங்கை எனக்கே போன் பண்ணிப் புலம்பினாள். அந்தப் பெட்டி மட்டும் கடைசிவரை கெடவே இல்லை.

விலை போகிற பாதையை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். தமாலே, குமாசி சந்தைகளில் இத்ரிசுவின் உறவினர்கள் விலை விசாரித்து ஈமெயிலில் அனுப்புவார்கள். அது ஃப்ரீமான்டில் கோமதியின் கராஜுக்கு வரும். அங்கே என் ப்ரோக்ராம் அதைச் சுருக்கி, தமாலேயில் ஒரு கடை மாடியில் வைத்த ரேடியோ நிலையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து ரேடியோ அலையில் அத்தையின் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். பள்ளி ஆசிரியை அதை அவர்கள் மொழியில் உரக்கப் படிப்பார். கானாவில் ஒரு ஊரின் விலை இன்னொரு ஊருக்குப் போக, நடுவே கலிபோர்னியா. அந்த நாளில் அங்கே ஊருக்கு ஊர் லைன் கிடைப்பதைவிட அமெரிக்காவுக்கு லைன் கிடைப்பது சுலபம் என்பதால் அப்படி ஏற்பாடு. நாங்கள் மாலையில் அனுப்பினால் அங்கே விடியும்போது கையில் இருக்கும்.

இத்ரிசுவோடு போய்ப் பெட்டியை நிறுவிவிட்டு வந்தது கோமதிதான். கை நிறையக் கடலையோடும், ஊர்ப் பெண்கள் கொடுத்த நீலத் துணியோடும் திரும்பினார். மரியாமா அத்தையை அவரும் அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஊரே திரண்டு வந்ததாம், ஆட்டம் பாட்டமாம். ஆனால் அவர் முகத்தில் ஏதோ ஒன்று குறைந்தது.

அதற்கப்புறம் வந்த செய்திகளிலும் அந்தக் குறை இருந்தது. நாங்கள் விலை அனுப்புவோம். மறுநாள் ஆசிரியை அத்தையின் பேரில் பதில் அனுப்புவார். "அமெரிக்க நண்பர்களுக்கு நன்றி. கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்." அடுத்த சந்தைக்கும் அதே நன்றி, அதே ஆயுள். நானும் மற்றவர்களும் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி மகிழ்ந்தோம். கோமதி அந்தச் சுவர்ப் பக்கமே போக மாட்டார்.

"என்ன கோமதி, இவ்ளோ நல்லா போகுது, மூஞ்ச ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தேங்க்யூ தேங்க்யூன்னே சொல்றாங்களே சீனு. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியாட்டம் நடந்துக்கறாங்க. சோத்துல உப்பில்லைன்னாக்கூட வாயத் தொறக்க மாட்டாங்க. வீட்டு ஆளுங்கன்னா சத்தம் போடுவாங்கள்ல?"

"நன்றி சொல்றது ஒரு தப்பா?"

"தப்பில்லீங்க. ஆனா இது அவங்க சாமான்னு அவங்களுக்குத் தோணலை. நாம போட்ட பிச்சைன்னுதான் வெச்சிருக்காங்க. நாளைக்கு நாம நிறுத்திட்டா, கும்பிட்டுட்டுப் பேசாம போயிடுவாங்க. லாரிக்காரன் சொன்ன விலைக்குத் திரும்பக் குடுத்துருவாங்க. அப்ப நாம என்னத்தப் பண்ணிக் கிழிச்சோம்?"

இவருக்கு எதுவும் போதாது, நல்லது நடந்தாலும் நொட்டை சொல்வார் என்று எண்ணிக்கொண்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். உண்மையைச் சொன்னால், நான் அந்த நன்றிகளை மிகவும் ரசித்துக்கொண்டிருந்தேன். கோமதி விடாமல் அத்தைக்கு எழுதிக்கொண்டே இருந்தார். விலை சரியாக இருக்கிறதா, நேரத்துக்கு வருகிறதா, வேறு என்ன வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்பார். எல்லாம் சரி, நன்றி என்றே பதில் வரும். ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு கேள்வியைக் கிண்டலாகக்கூட எழுதிப் பார்த்தார். அதற்கும் நீண்ட ஆயுள்தான் வந்தது.

அப்புறம் வந்தது அந்த ஆயுத பூஜை.

அமெரிக்காவில் நம் பண்டிகைகள் எல்லாம் சனிக்கிழமைதான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பஞ்சாங்கம் வார நடுவில் ஒரு நாளைச் சொன்னது. நாம் அதைச் சனிக்கிழமைக்கு இழுத்துவந்தோம். கராஜைக் கழுவி, கோலம் போட்டு, எல்லா மெஷின்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை, சுண்டல், வெட்டிய பூசணிக்காய் என்று அமர்க்களப்படுத்தினோம். இத்ரிசுவும் வந்து, சால்டரிங் அயர்னுக்குப் பொட்டு வைத்தார். பூஜை முடிந்ததும் கோமதி எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்.

"கம்ப்யூட்டரையுமா?" என்றேன்.

"எங்கப்பா மில்லுல இன்னிக்கு ஒரு சுத்து சுத்தாதுங்க. வருஷம் பூரா ஒழைக்குது, ஒரு நாள் தூங்கட்டும். நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுட்டு எழுப்பிக்கலாம்."

விலை அனுப்பும் கம்ப்யூட்டரை அவரே தன் கையால் அணைத்து, மானிட்டருக்கு ஒரு முழம் மல்லிகைப்பூவும் சாத்தினார். எங்கள் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. அந்த ஊர்ச் சந்தைக்கு நம் வாரக் கணக்கு கிடையாது. ஞாயிறு, திங்கள் என்று பார்க்காமல் அது தன் சுற்றில் வரும். எந்தெந்த நாள் சந்தை என்று ப்ரோக்ராமுக்குத் தெரியும். ப்ரோக்ராமோ மல்லிகைப்பூவுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி மெஷினை எழுப்பினோம். தூக்கம் கலைந்து, லைன் பிடித்து, காத்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாக இறக்கியது. முதலாவது அத்தையிடமிருந்து. வழக்கமான நன்றிதான் என்று நினைத்து நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

"விலை எங்கே? விடிந்துவிட்டது. லாரிகள் வந்துவிட்டன."

அடுத்தது: "மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறோம். வெயில் ஏறுகிறது. லாரிக்காரர்கள் அவர்கள் விலையைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். விலை தெரியாமல் விற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். கோமதி, உன் மெஷின் தூங்குகிறதா, நீ தூங்குகிறாயா?"

மூன்றாவதைப் படிக்கும்போது என் குரல் இறங்கிப்போனது. "ஒரு லாரி காலியாகத் திரும்பிவிட்டது. மற்றவர்கள் நிழலில் படுத்திருக்கிறார்கள். நாங்களும் நகர மாட்டோம். எங்கள் விலையை வைத்துக்கொண்டு நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? நிறுத்துவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? எங்களை என்னவென்று நினைத்தீர்கள்?"

சுண்டல் தட்டோடு நின்ற பழனிச்சாமி, "சரியான நாள்ல பூஜை போட்டிருந்தா இந்த வம்பே இல்லீங்க" என்று முணுமுணுத்தார். நான் திரும்பிக் கோமதியைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினார்.

"திட்டிட்டாங்க! சீனு, அத்தை என்னத் திட்டிட்டாங்க! எங்க விலைன்னு சொன்னாங்க பாத்தீங்களா? எங்க விலைன்னு!"

"அம்மா, ஒய் ஆர் யூ ஹாப்பி? தே ஆர் ரியலி மேட் அட் யூ" என்றாள் ரம்யா.

"ஆமாங்கண்ணு. ரொம்ப மேட். நல்லா மேட்" என்று மகளைக் கட்டிக்கொண்டு குதித்தார். நாற்பதைத் தாண்டிய ஒரு இன்ஜினியர் அப்படிக் குதித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதே கையோடு உட்கார்ந்து, விலைகளையும் ஒரு மன்னிப்பையும் அனுப்பினார். பூஜையைப் பற்றி ஒளிக்காமல் எழுதினார். அங்கே மாலையாகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் விலை போய்ச் சேர்ந்து, லாரிக்காரர்கள் படுத்த இடத்திலிருந்து எழுந்து வந்து, அந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அத்தையின் பதிலும் வந்தது.

"உன் கடவுளைக் கும்பிடு, யார் வேண்டாம் என்றார்கள்? நாங்களும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறோம். போகுமுன் சொல்லிவிட்டுப் போகிறோம். அடுத்த வருஷம் மெஷினை அணைக்காதே. இன்னொன்று. கடலையோடு வெங்காய விலையும் வேண்டும். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தோம். இப்போது கோபத்தில் கேட்டுவிடுகிறேன்."

இவ்வளவு நாள் துருவித் துருவிக் கேட்டும் வராத வெங்காயம், ஒரு கோபத்தில் வந்து விழுந்தது. திங்கட்கிழமை கோமதி மில்பிடாஸ் கடையிலிருந்து ஜாங்கிரி வாங்கிவந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தார். பிரமோஷனா என்று கேட்டவர்களிடம், "திட்டு வாங்கிட்டமுங்க" என்றார். இத்ரிசு மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு என் அத்தையைப் பற்றித் தெரியாது, இனி நிறுத்தவே மாட்டார்" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. விலை தாமதம் என்று திட்டு வந்தது. குமாசி விலை பழசு என்று திட்டு வந்தது. மழைச் செய்தி ஏன் இல்லை என்று திட்டு வந்தது. அப்புறம் பெண்கள் சேர்ந்து தாங்களே ஒரு லாரியை அமர்த்திக் கடலையைக் குமாசிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அதைக்கூட எங்களிடம் சொல்லவில்லை. "லாரிக்கு எங்கே டீசல் மலிவு என்று விசாரித்து அனுப்பு" என்று ஒரு செய்தி வந்தபோதுதான் தெரிந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்களுக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டபோது, அதை எப்படி நிறுவுவது, யாரிடம் சாவி இருக்க வேண்டும் என்றெல்லாம் அத்தைதான் முடிவு செய்தார். எங்கள் வேலை பெட்டியை அனுப்புவதோடு சரி. சுவரிலிருந்த நன்றிகளைக் கழற்றிவிட்டு, கோமதி திட்டுகளை ஒட்டினார். விருந்தாளிகள் வந்தால் அந்தச் சுவரைத்தான் முதலில் காட்டுவார். அவ்வளவு பெருமையாகத் திட்டு வாங்கியவர்களை நான் பார்த்ததே கிடையாது.

அடுத்த ஆயுத பூஜையிலிருந்து மற்ற மெஷின்கள் தூங்கின. அந்த ஒன்று மட்டும் நெற்றியில் பொட்டோடு ஓடிக்கொண்டே இருந்தது. "சாமிக்கு நான் சொல்லிக்கறனுங்க. அத்தைக்கு யாரு சொல்றது?" என்றார் கோமதி.

வெங்காய விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தமாலேயிலிருந்து தனியாக வரும். அதையும் ப்ரோக்ராமில் சேர்த்துவிடுகிறேன் என்று பலமுறை சொன்னேன். அவர் விடவில்லை. "எல்லாம் தானாவே போகுது. அது ஒண்ணாவது என் கையால போகட்டுமுங்க" என்று சொல்லி, ஒவ்வொரு சந்தைக்கும் தானே உட்கார்ந்து தட்டுவார். தட்டிவிட்டு அத்தைக்கு ஊர்க்கதையும் நாலு வரி எழுதுவார்.

சென்ற மாதம் அந்தக் காலை நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். வெளியே டிரைவ்வேயில் வழக்கம்போலப் பழனிச்சாமியின் கார். மாலையில் கராஜுக்குப் போனேன். இப்போது காலேஜில் படிக்கும் ரம்யா ஏற்கெனவே அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமா கண்ணு?" என்று கேட்டேன்.

"நோ அங்கிள். மரியாமா அத்தை வில் யெல் அட் அம்மா" என்றாள்.

இரண்டு பேரும் அழுதுகொண்டே அனுப்பினோம். கோமதி போன செய்தியை இத்ரிசுதான் தனியாக அத்தைக்கு எழுதினார். பல நாள் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. கோமதி பயந்தது போலவே கும்பிட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டார்களோ, அவரோடு எல்லாம் முடிந்ததோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. நன்றி என்று ஒரு செய்தி வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை கராஜில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. முதல்முறையாக என் பெயருக்கு.

"சீனுவுக்கு. எங்கள் மகள் போய்விட்டாள். சந்தையில் எல்லோரும் கடையை மூடிவிட்டு அவளுக்காக உட்கார்ந்தோம். லாரிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அவளைத் தெரியும். அவள் போன அன்றைக்கும் விலை வந்தது. அன்றைக்கு மெஷினை அணைத்திருந்தால் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் அனுப்புவது என்று உட்கார்ந்த பிறகு வெங்காய விலையை ஏன் விட்டாய்? அதற்கப்புறமும் அனுப்பவில்லை. கோமதி ஒரு சந்தைக்கும் விட்டதில்லை. அவள் இல்லையென்றால் கேட்க ஆளில்லை என்று நினைத்தாயா?"

படித்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். சத்தம் கேட்டுப் பழனிச்சாமி வந்து வாசலில் நின்றார். கோமதி போன நாளிலிருந்து வாடிப்போயிருந்த முகம் அது.

"என்னங்க, திட்டிட்டாங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். என் வாயிலிருந்து அந்த "ங்க" எப்படி வந்தது என்று தெரியவில்லை. "என்னத்தான் திட்டியிருக்காங்க. பேர் போட்டு."

"அப்பச் சரிங்க" என்றார். முகம் மலர்ந்தது. "இருங்க, காபி போட்டுட்டு வரேன்."

பேர் போட்டு வந்த அந்தத் திட்டுதான் கோமதி எனக்கு விட்டுப்போன சொத்து. சுவரில் அவர் வாங்கிய கடைசித் திட்டுக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டினேன். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ப்ரோக்ராமில் சேர்க்காமல், வெங்காய விலையை என் கையால் தட்டி அனுப்பினேன்.